பாடியவர்

அத்தியாயம் 19

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போன்றதுதான் டிராக் பாடுவது. பெரிய பாடகி வரும்வரை பாட்டில் அவருடைய இடத்தைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அவர் வந்ததும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும். நாடாவில் தமயந்தியின் குரல் இருந்த இடத்தில் அவளுடைய அக்கா ஹைமாவதியின் குரல் ஏறும். தங்கையின் குரல் அழியும். பதினோரு வருடங்களாக இப்படித்தான்.

இந்த ஒரு தடவை தமயந்திக்கு எழுந்திருக்க மனமில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். சென்ற வாரம் இசையமைப்பாளர் பிரபாகர் வீட்டுக்கு வந்து, வாசல் கேட்டருகே நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது அது.

"ஜுரத்துக்கு அப்புறம் ஹைமாவதியம்மாவுக்கு மேல் ஸ்தாயி ஏறலை. வியாழக்கிழமை வந்து பாடிப் பார்க்கட்டும். முடியலைன்னா உங்க டிராக்தான் பாட்டு. கேசட்டில் 'பாடியவர்'னு உங்க பேர்தான் வரும். உங்க குரலை அவங்க பேர்ல போடற பாவத்தை நான் செய்ய மாட்டேன்."

இன்று வியாழக்கிழமை.

தி. நகர் வீட்டில் காலை ஏழு மணிக்கு அக்காவுக்கு வாய் கொப்பளிக்க உப்பு நீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள் தமயந்தி. அக்காவின் கணவர் சேஷகிரி ராவ் சமையலறை மேஜையிலேயே உட்கார்ந்து பெசரட்டைப் பிய்த்து இஞ்சித் துவையலில் தோய்த்துக்கொண்டிருந்தார். ஹைமாவதியின் கால்ஷீட், கச்சேரி, பேட்டி எல்லாம் அவர் கையில்.

"நேத்து பிரபாகர்கிட்ட பேசினேன். ஸ்ருதியை அரைக் கட்டை இறக்குன்னேன். வயலின் எல்லாம் ரெக்கார்டு ஆயிடுச்சாம், முடியாதாம். நேத்து காக்கிநாடாவுலேர்ந்து வந்தவன். எனக்குப் பாடம் எடுக்கறான்."

தமயந்தி கரண்டியால் உப்பைக் கலக்கினாள்.

"ஹைதராபாத்ல அடுத்த மாசம் நாற்பதாவது வருஷப் பாராட்டு விழா. இந்தப் பாட்டைப் போட்டுத்தான் திரையைத் தூக்கப் போறாங்க. போஸ்டர்கூட அடிச்சாச்சு. ஆமா, திங்கக்கிழமை டிராக் பாடினியே, அந்த மூணாவது வரியில மூச்சுக்கு இடம் விட்டேல்ல?"

தண்ணீர் கொதித்தது. தமயந்தி அடுப்பை அணைத்தாள்.

"விட்டேன், பாவகாரு" என்றாள் அத்தானிடம்.

பொய். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் பெரிய பொய்.

தெனாலியிலிருந்து பதினாறு வயதில் மதராஸுக்கு ரயிலேறி வந்தவள் ஹைமாவதி. அவளுடைய குரலைக் கேட்காமல் ஆந்திராவில் எந்தக் கோயிலிலும் மார்கழி விடிந்ததில்லை. ஐம்பத்தெட்டாம் வருஷம் அவள் பாடிய ஒரு தாலாட்டில், நீண்ட ஒரு வரி முழுவதையும் மூச்சு விடாமல் இழுத்து முடிப்பாள். விஜயவாடா தியேட்டர்களில் ஜனங்களும் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம். வரி முடிந்ததும் கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு, பிறகு கைதட்டல். 'ஒரே மூச்சு ஹைமாவதி' என்று பெயரே வந்துவிட்டது.

நாற்பத்தைந்து வயதில் அந்த மூச்சு குறைந்தது. அதை முதலில் கண்டுகொண்டவள் தமயந்திதான்.

மூச்சு எடுப்பதற்கு முன் ஹைமாவதியின் இடது தோள் லேசாக மேலே ஏறும். ஒத்திகையின்போது அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருப்பாள் தமயந்தி. தோள் ஏறும் இடத்தில் பாட்டுத் தாளில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போடுவாள். டிராக் பாடும்போது தானும் அங்கே மூச்சு எடுப்பாள், தனக்குத் தேவையே இல்லாவிட்டாலும். அப்போதுதான் ஹெட்போனில் அதைக் கேட்டுப் பாடும் அக்காவுக்குச் சிரமம் இருக்காது. பாட்டே அப்படித்தான் என்று இசையமைப்பாளர்களும் நினைத்துக்கொள்வார்கள்.

தமயந்தியின் மூச்சு எவ்வளவு நீளம் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவர்கள் இல்லை.

திங்கட்கிழமை அவள் அந்தக் குறியைப் போடவில்லை. கோதாவரிக் கரையில் மகனின் படகுக்காகக் காத்திருக்கும் தாயின் பாட்டு. மூன்றாவது வரியைத் தொடங்கியபோது, நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவையாக, நிறுத்தாமல் போய்ப் பார்த்தாள். போக முடிந்தது. முடிந்த பிறகும் மிச்சம் இருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெவசத்துக்கு நாள் பார்க்கறீங்களா?"

ஹைமாவதி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். வெள்ளை வெங்கடகிரிப் புடவை. குரல் பேச்சிலேயே கரகரத்தது.

"காலங்காத்தால என்ன பேச்சு ஹைமா இது?" என்றார் ராவ்.

"நீங்க சாப்பிடுங்க. இது நாலாவது பெசரட்டு. எண்ணிக்கிட்டேதான் வந்தேன்." தங்கையின் கையிலிருந்து உப்பு நீரை வாங்கிக்கொண்டவள் அவளை உற்றுப் பார்த்தாள். "கண்ணு ஏண்டி இப்படிச் சிவந்திருக்கு? தூங்கலையா?"

"தூங்கினேன் அக்கா."

"என்கிட்ட பொய் சொல்லாதே. ஆறு வயசுல உன்னை இடுப்புல தூக்கிட்டு வந்து இந்த ஊர்ல இறங்கினவ நான். உன் கண்ணு எனக்குத் தெரியாதா?"

அதுவும் உண்மைதான். தாய் இறந்த பத்தாம் நாள் தெனாலிக்கு வந்து, உறவுக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இவளை நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொன்னவள் ஹைமாவதி. தமயந்திக்குப் பாட்டு, படிப்பு, புடவை எல்லாம் அக்கா தந்தவைதான்.

ஒரே ஒரு முறை தமயந்தியைத் தேடி ஒரு பாட்டு வந்தது. "உங்க குரல் அப்படியே ஹைமாவதியம்மா குரல் மாதிரி இருக்கு" என்று ஒரு தயாரிப்பாளர் சொல்லி அனுப்பியிருந்தார். ஹைமாவதி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "என் குரல் மாதிரி எதுக்கு? நானே பாடிடறேனே. அடுத்த பாட்டு உனக்குத்தான், தமா."

அடுத்த பாட்டு பதினோரு வருடமாக வந்துகொண்டே இருந்தது.

*

வடபழனி ஸ்டூடியோவில் ஹைமாவதி செருப்பை வாசலில் கழற்றியதும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். பிரபாகர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவனுடைய கண் ஒரு கணம் தமயந்தியைத் தொட்டு விலகியது.

"அம்மா, காபி சொல்லட்டுமா?"

"காபி வேண்டாம்ப்பா. உன் பாட்டே போதும், நெஞ்சைக் கரிக்க."

எல்லோரும் சிரித்தார்கள். ஹைமாவதி குரல் அறைக்குள் போனாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஏகாம்பரம், பிரபாகர், ராவ். சுவரோரம் ஸ்டூலில் தமயந்தி.

பல்லவி நன்றாக வந்தது. சொல்லப்போனால் மிக நன்றாக. கரகரப்பே பாட்டுக்கு அழகாக இருந்தது. நன்றாக வந்ததற்காகத் தனக்குச் சந்தோஷமா, பயமா என்று தமயந்திக்கே புரியவில்லை.

சரணம் வந்தது. மூன்றாவது வரி.

ஹெட்போனில் தங்கையின் குரல் நிற்காமல் போனது. அதைத் துரத்திக்கொண்டு போன ஹைமாவதியின் குரல் பாதி வழியில் உடைந்தது.

"ஸாரி. இன்னொரு டேக்."

இன்னொன்று. அதுவும் அதே இடத்தில். மூன்றாவது டேக்கில் உடைந்ததோடு இருமலும் வந்தது. ஐந்தாவது டேக்கில் ஹைமாவதி ஹெட்போனைக் கழற்றி ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள். எட்டாவதில் பிரபாகர் பொத்தானை அழுத்திச் சொன்னான்:

"அம்மா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. வெந்நீர் குடிச்சிட்டு வரலாம்."

பிரபாகர் தமயந்தியின் பக்கம் திரும்பினான். தலையை மட்டும் மெல்ல ஆட்டினான். வாக்கு நினைவிருக்கிறது என்பதுபோல.

தமயந்தி ஸ்டூலின் நுனிக்கு நகர்ந்தாள்.

ஹைமாவதி இந்தப் பக்கம் வந்து ஏகாம்பரத்தின் பக்கத்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எதுவரைக்கும் வந்திருக்குன்னு போடு, கேக்கறேன்."

ஏகாம்பரம் நாடாவைச் சுற்றினார். எட்டு டேக் பார்த்த களைப்பு. எந்தக் குமிழை ஏற்ற வேண்டுமோ அதை விட்டுப் பக்கத்துக் குமிழை ஏற்றினார். அறை முழுவதும் தமயந்தியின் டிராக் ஒலித்தது.

ஏகாம்பரத்தின் கை நிறுத்தப் போயிற்று. ஹைமாவதி கண்ணைத் திறக்காமலே விரலை உயர்த்தினாள். இருக்கட்டும்.

பல்லவி. சரணம். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரி போயிற்று, போயிற்று, போய்க்கொண்டே இருந்தது. வயலின்கள் அதைப் பிடித்துக்கொள்ள ஓடி வந்து கடைசியில்தான் சேர்ந்தன.

பாட்டு முடிந்தது. ஹைமாவதியின் கண் ஓரம் ஈரமாக இருந்தது.

"இது எத்தனாவது டேக், ஏகாம்பரம்?"

ஏகாம்பரம் குமிழைக் கீழே இறக்கினார்.

"நான் பாடினதுதானே? இவ்வளவு நல்லா வந்திருக்கும்போது என்னை எதுக்குப்பா எட்டுத் தடவை உருட்டி எடுத்தீங்க?"

"அம்மா, அது வந்து..." என்றான் பிரபாகர்.

"சொல்லு."

பிரபாகர் ராவைப் பார்த்தான். ராவ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். போஸ்டர், ஹைதராபாத், தயாரிப்பாளர், பிரபாகரின் அடுத்த படம், அதற்கடுத்த படம் எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன.

"அது... நல்லா வந்திருக்கும்மா."

"நாலாவது டேக், ஹைமா. அதான்" என்றார் ராவ்.

தமயந்தி ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"அக்கா, அது நான். திங்கக்கிழமை நான் பாடின டிராக்."

ஹைமாவதி நிதானமாகத் திரும்பினாள். கோபமில்லை. குழந்தை பொம்மைக்கு அடம் பிடிக்கும்போது பார்ப்பதுபோல ஒரு பார்வை.

"நீயா? மூணாவது வரியில மூச்சே இல்லையேடி. நீ எங்கே அப்படிப் பாடியிருக்கே? பதினோரு வருஷமா அந்த மாதிரி இடம் வந்தாலே நடுவுல நிறுத்தி மூச்சு வாங்கறவதானே நீ?"

"அது உனக்காகத்தான் அக்கா..."

"என்னது?"

"உன்னால முடியாதுன்னுதான் நான் அங்கே..."

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தமயந்திக்கு உறைத்தது. வாசலில் நின்ற வயலின்காரர்கள்கூட உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"காலையில என்கிட்ட என்ன சொன்னே?" ராவ் இடையில் புகுந்தார். "மூச்சுக்கு இடம் விட்டேன்னு உன் வாயாலதானே சொன்னே? இப்ப விடலைங்கறே. எது உண்மை, தமயந்தி? எல்லாரும் இருக்காங்க, சொல்லு."

அவள் விரித்த வலை, அவள் காலையே சுற்றிக்கொண்டது.

"விடுங்க. எதுக்கு வாக்குவாதம்?" ஹைமாவதியின் குரல் கனிந்திருந்தது. "உள்ளே போ, தமா. அந்த ஒரு வரியைப் பாடு. யாரோடதுன்னு தெரிஞ்சுட்டுப் போகுது. பிரபாகர், கேட்டுக்கோ. இவ மூச்சு விடாம பாடிட்டா பாட்டு இவளோடது. பேரும் இவளோடது. ஹைதராபாத் மேடையில நானே மைக்ல சொல்றேன். நம்ம அம்மா மேல சத்தியம்."

பிரபாகரின் முகத்தில் உயிர் வந்தது. தன் வாக்கை வேறொருவர் காப்பாற்றிக் கொடுத்தால் யாருக்குத்தான் வலிக்கும்?

தமயந்தி உள்ளே போனாள். கனமான கதவு மூடியது. ஹெட்போன், மைக், கண்ணாடி. கண்ணாடிக்கு நேர் எதிரே ஹைமாவதி வந்து நின்றுகொண்டாள். புடவைத் தலைப்பு தோளில் ஒழுங்காக இருந்தது.

வயலின்கள் தொடங்கின. இரண்டாவது வரி முடிந்தது.

தமயந்தி மூன்றாவது வரியில் இறங்கினாள். பயம் போய்விட்டது. கரை, தண்ணீர், வராத படகு. வழி நீளமாகத் திறந்து கிடந்தது. பாதி தூரம் வந்தாயிற்று. நெஞ்சில் காற்று நிறைய இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹைமாவதியின் இடது தோள் லேசாக மேலே ஏறியது.

தமயந்தி மூச்சை எடுத்தாள்.

எடுத்த பிறகுதான் எடுத்தது தெரிந்தது. வரியை முடிக்காமல் நின்றுவிட்டாள். வயலின்கள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. யாரோ அவற்றையும் நிறுத்தினார்கள்.

"இன்னொரு தடவை பாடறேன்" என்றாள். அவள் உதடு அசைந்ததை எல்லோரும் பார்த்தார்கள். ஏகாம்பரம் மைக்கின் குமிழை அதற்குள் இறக்கிவிட்டிருந்தார்.

கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவள் ஹைமாவதிதான். தங்கையின் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். "போதும்மா. களைச்சுப் போயிட்டே. வா, வீட்டுக்குப் போகலாம்."

வெளியே ராவ் நாடாப் பெட்டியை மேஜைமேல் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். பிரபாகர் அதன்மேல் குனிந்து எழுதினான். பாடியவர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா கொஞ்சம் தயங்கியது. கொஞ்சம்தான். தமயந்தி தாண்டிப் போகும்போது அவன் நிமிரவில்லை.

*

ராவ் மிச்ச வேலைக்கு ஸ்டூடியோவிலேயே நின்றுவிட்டார். காரின் பின் சீட்டில் அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"மூணு மணிக்கு இன்னொரு டிராக் இருக்கு, ஞாபகம் இருக்கா?" என்றாள் ஹைமாவதி.

"ம்."

"சாப்பிட்டுட்டுப் போ. கோங்குரா பப்பு வைக்கச் சொல்லியிருக்கேன். உனக்குப் பிடிக்குமேன்னு."

கார் கோடம்பாக்கத்தை நெருங்கியது.

"பல்லவியிலயே தெரிஞ்சுடுச்சு" என்றாள் ஹைமாவதி, ஜன்னலிலிருந்து திரும்பாமல்.

"என்ன?"

"நீ பாடினதுன்னு."

தமயந்திக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது திரும்பி அக்காவின் தோளைப் பார்த்தாள். "அப்ப தோளை..."

"ஆமா. தூக்கினேன். நான் தூக்கினா நீ எடுப்பேன்னு தெரியும். பதினோரு வருஷமா என் தோளைத்தானே பார்த்துக்கிட்டிருக்கே. எனக்குத் தெரியாதுன்னா நினைச்சே?"

"ஏன் அக்கா?" அதற்கு மேல் அவளுக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஹைமாவதி தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அவ்வளவு நல்லா இருந்தது, தமா. அது என்னோடதா இருக்கணும்னு தோணிச்சு."

மன்னிப்புக் கேட்கும் குரல் இல்லை அது. பெருமை பேசும் குரலும் இல்லை. பசிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மா மேல சத்தியம் பண்ணினியே."

"நீ பாடிட்டா தரேன்னுதான் சத்தியம் பண்ணினேன். நீ பாடலையே."

"வண்டியை நிறுத்துங்க" என்றாள் தமயந்தி டிரைவரிடம்.

பவர் ஹவுஸ் சிக்னலில் வண்டி ஏற்கெனவே நின்றுதான் இருந்தது. அவள் கதவைத் திறந்து நடுரோட்டில் இறங்கி, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து ஓரத்துக்குப் போனாள். போன பிறகும் பயனில்லை. சிவப்பு விளக்கு மாறவில்லை. கார் அவளுக்கு நேராக, நாலைந்தடி தள்ளி, போக முடியாமல் நின்றது.

ஹைமாவதி கண்ணாடியை இறக்கினாள். "உச்சி வெயில். உள்ளே வா. எங்கே போவே நீ?"

நியாயமான கேள்வி. இந்த ஊரில் தமயந்திக்குத் தெரிந்த வீடுகள் எல்லாம் ஹைமாவதியைத் தெரிந்த வீடுகள்.

பிளாட்பாரத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தாள். அடுத்த நிமிடம் மடியிலிருந்த பூவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து ஓடி வந்தாள்.

"ஐயோ, ஹைமாவதியம்மா! நீங்கதானே? என் மூணு பிள்ளைங்களும் உங்க தாலாட்டுலதாம்மா தூங்கிச்சு. தெலுங்கு எனக்கு ஒரு எழுத்து தெரியாது. ஆனா உங்க பாட்டுன்னா..." ஒரு முழம் மல்லியைக் கிள்ளி ஜன்னல் வழியே நீட்டினாள். ஹைமாவதி இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தச் சிரிப்பில் பொய்யே இல்லை. அதுதான் தமயந்திக்குத் தாங்கவில்லை.

"இவங்க யாரும்மா? உங்க ஜாடையாவே இருக்காங்க."

"என் தங்கச்சி" என்றாள் ஹைமாவதி.

"அப்படியா!" பூக்காரி தமயந்தியை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களுக்கும் பாட வருமாம்மா?"

பச்சை விளக்கு எரிந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. டிரைவர் கியரைப் போட்டார். ஹைமாவதி, கையில் பூவோடு, தங்கையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலைம்மா" என்றாள் தமயந்தி. "இனிமேதான் பாடிப் பார்க்கணும்."